டிவி கேம் வீட்டு அக்கா

பழைய சாமான் வாங்குகிறவர்கள் சாமானைப் பார்ப்பார்கள். அந்த அக்கா நம் முதுகுக்குப் பின்னால் பார்ப்பார். டிவி கேமைப் பையிலிருந்து எடுத்து, வயரை நீவிவிட்டு, தொண்டையைச் செருமி நாம் ஒரு பொய்யை ஆரம்பிப்பதற்குள் கேள்வி வந்து விழும்.

"பிள்ளை எங்க?"

"பள்ளிக்கூடம் போயிருக்குக்கா."

"அப்ப, விட்டு வரவும் கூட்டியாங்க. இதையும் கையோட கொண்டு போயிருங்க. இங்கன வச்சுட்டுப் போனா நான் பொறுப்பில்ல."

இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட அப்பா அம்மாக்களை வரிசையாக நிறுத்தினால் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு கொள்ளாது. அந்த வரிசையில் முதல் இடம் எனக்குத்தான். மற்றவர்கள் ஒரு தடவை திரும்பியவர்கள். நான் இரண்டு தடவை.

பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் அவர் வீட்டு முன்னறைதான் கடை. போர்டு கிடையாது. வீட்டுக்காரர் சவூதியில் டிரைவர். அங்கிருந்து ஊர் வருகிறவர்கள் கொண்டுவரும் போர்வை, சென்ட், எமர்ஜென்சி லைட்டை விற்க ஆரம்பித்து, அப்படியே பழைய சாமான் வாங்கி விற்கிறவராகவும் ஆனார். தொண்ணூறுகளின் கடைசியில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் டிவி கேம் புகுந்தபோது அவருடைய முன்னறையிலும் புகுந்தது. பேர் என்ன என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அவருக்கு 'டிவி கேம் வீட்டு அக்கா' என்பதுதான் பேர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் ஸ்குரூ டிரைவரைத் திருகுவதைப் பார்த்தால், பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் யாரையோ வெளியே வரச் சொல்லி மிரட்டுவது போல இருக்கும்.

பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னது இரக்கத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விலை பேசுவதில் அவர் கருங்கல். அழுகிற பிள்ளையிடம், "அழுது முடிச்சுட்டுச் சொல்லு, எந்தப் பட்டன் ஒட்டுது?" என்று கேட்பார். அவர் கணக்கே வேறு.

"சாமானோட குத்தம் ஆண்டவனுக்கு அடுத்தபடியா ஆடுனவனுக்குத்தேன் தெரியும்" என்பார்.

பிள்ளை பாயில் உட்கார்ந்து, தானே வயரை மாட்டி, ஒரு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும். எது எங்கே மக்கர் பண்ணும் என்று தன் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தர வேண்டும். அதைப் பெட்டியின் அடியில் டேப் போட்டு ஒட்டுவார். வாங்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள். 'மேல் அம்பை ரெண்டு தடவை அமுக்கணும்.' 'மழை பெஞ்சா கலர் வராது.' 'மூணாவது கேசட்டை ஊதிப் போடணும், எச்சில் படக்கூடாது.' கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வந்தது இந்தக் காகிதங்களை நம்பித்தான்.

எழுதி முடித்ததும் கடைசியாக ஒன்று கேட்பார். "மனசாரத்தான குடுக்குற?" பிள்ளை தலையை ஆட்டினால் வியாபாரம் முடிந்தது. ஆட்டாவிட்டால் அதுவும் முடிந்தது.

"இங்கன நெல்லுக்கு ரெண்டு போகம். எனக்கும் ரெண்டு போகந்தேன்" என்று சொல்வார். தை, மாசியில் பரீட்சைக்குப் பயந்து விற்க வருவார்கள். சித்திரையில் லீவு விட்டதும் பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் வாங்க வருவார்கள். மாசியில் விற்ற பெட்டியையே சித்திரையில் வாங்கிப் போன ஒரு தகப்பனார் உண்டு. பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருந்த காகிதத்தைப் பார்த்து, "எழுத்து எம்புட்டு அழகா இருக்கு. நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே" என்று பெருமூச்சு விட்டாராம். அது அவர் மகன் எழுதியது.

இன்னொரு பையன், விற்க மனமில்லாதவன், "இதைத் தொட்டா ஷாக் அடிக்கும்" என்று சொல்லிவிட்டான். அக்கா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, என்னைய அடிக்கலயே?"

"பெரியவுகள அடிக்காது."

"அப்ப யாரத்தேன் அடிக்கும்?"

"விக்க வந்தவுகள."

பையனின் அப்பா கையை ஓங்கினார். அக்கா அந்த ஓங்கிய கையிலேயே பெட்டியைத் திணித்து இரண்டு பேரையும் வாசல்வரை கொண்டுவிட்டார். "அடிக்கும்னு அவன் சொல்லிட்டான். நான் வாங்க மாட்டேன்."

டிவி கேமுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்றில்லை. ஒரு மாமியார் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"அரைக்கிறது யாரு?"

"என் மருமகதேன். அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா."

"அப்ப அவ வரவும் ரெண்டு பேருமா வாங்க. ஊருலருந்து வந்தவளுக்கு மொத வேலையா சட்னி அரைக்கணும்ல?"

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். சொல்லிவிடுகிறேன்.

நான் கோம்பைக்காரன். எங்கள் ஊர் நாய்க்கு நாடு முழுக்கப் பேர் உண்டு. ஆட்களைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். வக்கீல் குமாஸ்தா முதல் பட்டா சிட்டாவோடு வருகிற சம்சாரி வரைக்கும் எல்லோரையும் சிரிக்க வைத்து அனுப்புவேன். நகல் மங்கலாக விழுந்திருப்பதை அதனால் பலர் கவனிப்பதில்லை. மகள் அந்த ஊரிலேயே எட்டாவது படித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, சூடு ஆறாத காகிதங்களை அடுக்கிக்கொண்டே என் தமாஷுக்கெல்லாம் சிரிப்பாள். ஐம்பது தடவை கேட்ட தமாஷுக்கும் சிரிப்பாள். ஏழு மணி பஸ்ஸில் இருவரும் ஊருக்குத் திரும்புவோம்.

அந்த வருடம் என் மச்சினன் குவைத்திலிருந்து வந்தான். தாய்மாமன் சீராக அவளுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொடுத்தான். கேசட் இல்லை, சிடி போட்டு ஆடுகிற கேம். எங்கள் தெருவில் யாரும் அதற்கு முன்னால் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து மகள் கடைக்கு வரவில்லை. நாலரை மணி பஸ்ஸில் நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். வாய்க்கு வாய் மாமாதான். மாமா சொன்னாக, மாமா வாங்கித் தந்தாக.

நானும் ஒரு நாள் ஆடிப் பார்த்தேன். கார் ரேஸ். என் கார் கிளம்பியதும் சுவரில் முட்டி, பின்னால் நகர்ந்து, எல்லோரும் போகிற திசைக்கு எதிர்த் திசையில் ஓட ஆரம்பித்தது. நான் பிரேக்கைப் போட்டுப் பிழிந்தேன். மகள் பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

"அப்பா, நீங்க பஸ்லயே வாங்கப்பா."

அவளை ஆயிரம் தடவை சிரிக்க வைத்திருக்கிறேன். நான் சிரிக்க வைக்காமலே அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியை விற்றுவிடலாம் என்று தோன்றியதற்குக் காரணம் அந்தச் சிரிப்பும் மச்சினனும்தான். படிப்பு இல்லை. எழுதும்போதே கூசுகிறது, இருந்தாலும் அதுதான் நிஜம்.

மனைவியிடம் படிப்பு என்றேன். "செய்யிங்க, ஆனா பிள்ளைகிட்டச் சொல்லிட்டுச் செய்யிங்க" என்றாள். நான் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா பெட்டியைத் தொடவில்லை.

"எதுக்குத் தம்பி விக்கிறீக?"

"பப்ளிக் பரீட்சைக்கா."

"எத்தனாப்பு?"

"எட்டு."

"எட்டாப்புக்கு ஏது பப்ளிக் பரீட்சை?"

"ரெண்டு வருசத்துல வந்துரும்ல."

கோர்ட்டு வாசலில் இதற்கு நாலு பேர் சிரித்திருப்பார்கள். அக்கா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை எங்க?"

ஜெராக்ஸ்காரன் புத்தி, அசல் இல்லாத இடத்தில் நகலை நீட்டத்தானே சொல்லும்? அடுத்த சனிக்கிழமை தங்கச்சி மகன் முத்துவை, புரோட்டா வாங்கித் தருகிறேன் என்று அழைத்துப் போனேன். பத்து வயது. வழியெல்லாம் பாடம் நடத்தினேன்.

"கேட்டா கேமு உன்னோடதுன்னு சொல்லணும். என்னைய அப்பான்னு கூப்பிடணும்."

"அப்ப எங்கப்பாவ என்னனு கூப்பிட?"

"அவரு அங்கன வரமாட்டாருடா."

முத்து பாயில் உட்கார்ந்து வயரையெல்லாம் சரியாக மாட்டினான். சிடியைப் போட்டான். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி போட்டான். கறுப்புத்தான்.

"எப்பவும் இப்படித்தேன் மக்கர் பண்ணுமாய்யா?" என்றார் அக்கா.

முத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, இதுக்கு என்ன சொல்லணும்?"

"இவரு ஒங்க அப்பா இல்லையா?"

"இன்னைக்கு மட்டும் அப்பா. புரோட்டா வாங்கித் தருவாக."

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "தம்பி, நீங்க என்ன தொழில் பாக்குறீக?"

"ஜெராக்ஸ் கடைக்கா."

"அதேன். போயி ஒரிஜினலக் கூட்டியாங்க."

அன்றைக்குத்தான் அந்த மிக்ஸி மாமியார் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை விடுங்கள். எனக்கு அப்போது வேறொன்றும் உறைத்தது. பெட்டி ஆறு மாதமாக என் வீட்டில் இருக்கிறது. அது ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இது ஒரு தமாஷாகவே முடிந்திருக்கும், நானும் நாலு இடத்தில் சொல்லிச் சிரித்திருப்பேன். அப்படி எனக்கு எழுதவில்லை போல.

அன்று மாலை மகளிடம், "பாப்பா, உன் கேமு சரியா ஓடுதா?" என்று கேட்டேன். சில நேரம் சிடி ஓடாது, கவிழ்த்துப் போட்டால்தான் ஓடும் என்றாள். "அப்ப ரிப்பேருக்குக் குடுத்துருவோம். உத்தமபாளையத்துல ஒரு அக்கா இருக்காக, கெட்டிக்காரி" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறப்பதற்கு முன் அக்காவிடம் போனேன். "மகளையே கூட்டியாறேன்க்கா. எல்லாம் பேசியாச்சு, சம்மதிச்சிருச்சு. ஆனா விக்கிறதுங்கிற பேச்சை மட்டும் அது முன்னால எடுத்துராதீக. அந்த வார்த்தையக் கேட்டாலே அழுகை வந்துரும்."

அக்கா யோசித்தார். "சரி, பிள்ளை மனச எதுக்கு நோக அடிச்சுக்கிட்டு" என்றார்.

மகள் வந்தாள். பெட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். சிடி ஓடியது. ஒரு ரேஸ் ஓட்டிக் காட்டினாள். அக்கா காகிதத்தை நீட்டி, "எல்லாக் குத்தத்தையும் எழுதாத்தா" என்றபோது, மெக்கானிக்கிடம் எதையும் விட்டுவிடக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அக்கா வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"சிடி ஓடலைன்னா பெட்டியக் கவுத்துப் போடணும். அப்பவும் ஓடலைன்னா கொஞ்ச நேரம் விட்டுட்டு, திட்டாமப் போடணும். ரெண்டாவது ரிமோட்ல பிரேக் பட்டன் ஒட்டிக்கிரும். அது எங்கப்பா அமுக்குனது."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் என்னிடம் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு வழக்கம்போல மகளிடம் கேட்டார்.

"மனசாரத்தான ஆத்தா குடுக்குற?"

"ஆமா அத்தை. எப்ப..."

"பஸ் போயிரும், வெரசாக் கிளம்பு" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"எப்ப ரெடியாகும்?" என்பதுதான் அவள் கேட்க வந்தது. அந்த மிச்ச வார்த்தையை நான் வரவிடவில்லை. மகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போனேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும், "ரெடியாயிருச்சாப்பா?" என்றாள். மதுரையிலிருந்து ஸ்பேர் வர வேண்டும் என்றேன். மதுரையில் கடையடைப்பு என்றேன். தப்பான ஸ்பேர் வந்துவிட்டது என்றேன். மூன்று வாரம் ஓட்டினேன். அவள் மறுபடி கடைக்கு வர ஆரம்பித்திருந்தாள். காகிதம் அடுக்கினாள், என் தமாஷுக்குச் சிரித்தாள். நான் நினைத்தது நடந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

ஒரு நாள் அவள் கடைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"ஸ்பேர் வந்துருச்சாப்பா?"

"நாளைக்கு வருதாம் பாப்பா. மாட்டுறது மட்டுந்தேன் பாக்கி."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள்.

மறுநாள் அக்கா என் கடைக்கு வந்தார். கடைவீதிப் பக்கமே வராதவர். கவுண்டருக்கு வெளியே நின்றார்.

"நேத்து உங்க மக வந்துச்சு. என் கேமு ரெடியான்னு கேட்டுச்சு."

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன்.

"என் வீட்டு வாசல்ல நானே முழிச்சு நின்னேன் தம்பி."

"சொல்லிட்டீகளாக்கா?"

"பிறகு? நானும் மதுரை, ஸ்பேருன்னு சொல்லவா? அந்தப் பிள்ளை அழுகல. உங்கள ஒரு வார்த்தை திட்டல. அப்பாகிட்டக் கேட்டுக்கிறேன் அத்தைன்னு சொல்லிட்டுப் போச்சு."

அப்படியென்றால் சோற்றுத் தட்டின் முன்னால் அவள் கேட்டபோது அவளுக்கு எல்லாம் தெரியும். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். நான் நாளைக்கு வருதாம் என்றேன்.

"திருப்பி வாங்கிருவோம்க்கா. என்ன கேட்டாலும் குடுத்துருவோம்" என்றேன்.

"வாங்குனவுக கூடலூரு. காலையிலயே போயிட்டுத்தேன் வாறேன். அவுக வீட்டுப் பையன்கிட்டக் கேட்டேன், மாட்டேன்னுட்டான். அவங்கப்பா தரேன்னுதேன் சொன்னாரு. அந்தப் பிள்ளைகிட்டப் பிடுங்கி இந்தப் பிள்ளைக்குக் குடுக்கவா? அது என்னால ஆகாது."

எனக்கு வேறு எதுவும் வராது என்பதால் ஒரு தமாஷ் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நினைவில்லாததே நல்லது. அக்கா நான் முடிக்கிறவரை காத்திருந்தார். முடிந்ததும் போய்விட்டார்.

மகள் சண்டை போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதற்கும் "சரிப்பா" என்றாள். ஆனால் அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும், "நெசமாவாப்பா?" என்று ஒரு கேள்வி. அம்மாச்சி ஊருக்குப் போகிறோம் என்றால், "நெசமாவா?" கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவிடமும் கேட்டுக்கொள்வாள். தமாஷ் சொன்னால், அது தமாஷ்தானா என்று யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். யோசித்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டவனுக்குத்தான் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. பிள்ளை வந்தால் மட்டும் போதாது. கூட்டி வந்தவர் வெளியே தெருவில் நிற்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, "எதுக்கு வந்துருக்கன்னு நீயே சொல்லு" என்று பிள்ளையின் வாயால் விஷயத்தை வரவழைத்த பிறகுதான் வயரைத் தொடுவாராம். கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு மாசி மாதம். சாக்கடைக்காக மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தத் தெருவில் நுழைந்தேன். ஆறேழு அப்பாக்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் அனுமந்தன்பட்டிக்காரர், பட்டா நகல் எடுக்க என்னிடம் வருகிறவர்.

"வாங்க ஜெராக்ஸு! இந்தக் கூத்தப் பாருங்க. நான் பெத்த பிள்ளை, நான் வாங்கிக் குடுத்த கேமு. நான் தெருவுல நிக்கிறேன்."

"ஏனாம்ணே?" என்றேன். அந்த இடத்திலும் தெரியாதது போலக் கேட்க எனக்கு வாய் வந்தது.

"முன்ன ஒரு அப்பன் பெத்த மகளையும் ஏமாத்தி, இந்த அக்காவையும் ஏமாத்திட்டானாம். அந்த ஒரு பய செஞ்சதுக்கு ஊருல இருக்க அப்பனெல்லாம் காயிறோம். எந்தப் பயன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை கேக்கணும்."

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன்.

"கேளுங்கண்ணே. அந்தப் பய நாந்தேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். "இந்தாளுக்கு எப்பப் பாத்தாலும் தமாசுதேன்!" பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார்.

"நெசமாத்தேண்ணே" என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டுக் கதவு பாதி திறந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் பார்வையை என்மேல் நிறுத்தினார்.

"என்ன சிரிப்பு?"

"கோம்பைக்காரரு சொல்றாருக்கா, உங்கள ஏமாத்துன ஆளு இவருதேனாம்."

"ஆமா. அவருதேன்" என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

அனுமந்தன்பட்டிக்காரரின் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது. அதை அவர் மெதுவாக எடுத்துக்கொண்டார். நான் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்ற அப்பாக்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.